துணிப் படகுக்குப் பாய் கட்டுவதற்கு முன்

கேட்டவர் சிங்கப்பூரில், பொங்கோல் வட்டாரத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். மரச் சட்டக்கூட்டின் மேல் துணி போர்த்தி நாலரை மீட்டரில் ஒரு படகு கட்ட நினைக்கிறார். துடுப்பும் வலிக்க வேண்டும், பாயும் விரிக்க வேண்டும். முதலில் ஒரு மாதிரிப் படகு, அது சரியாக வந்தால் பிறகு நல்லதாக ஒன்று. என்ன மரம், என்ன துணி, பாயின் இழுப்பைத் துணிப் படகு தாங்குமா, எங்கே வைத்துக் கட்டுவது, எங்கே தண்ணீரில் இறக்குவது என்று கேட்டிருக்கிறார்.

தாங்குமா என்பதற்குப் பதில் சுலபம். தாங்கும். ஒகேனக்கல் பரிசலும் இதே இனம்தான். மூங்கில் கூடு, அதன் மேல் ஒரு காலத்தில் மாட்டுத்தோல், இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். பாய் கட்டிய தோல் படகு வேண்டுமென்றால் அயர்லாந்துக்குப் போக வேண்டும். 1976-77இல் டிம் செவரின் என்பவர் 49 மாட்டுத்தோல்களைத் தைத்துப் போர்த்திய 36 அடிப் படகில் பாய் விரித்து, அயர்லாந்தில் இருந்து ஐஸ்லாந்து வழியாக நியூஃபவுண்ட்லாந்து வரை போய்ச் சேர்ந்தார். வழியில் பனிக்கட்டி குத்தித் தோலில் ஓட்டை விழுந்தது. நடுக்கடலிலேயே ஒட்டுத்தோல் தைத்து அடைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்கள். அதனால் படகின் பலத்தைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சிங்கப்பூர்க் கடலில் பாய்க்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

இங்கே காற்று குறைவு. சிங்கப்பூர் வானிலை ஆய்வகம் சொல்வதன்படி தரைமட்டக் காற்றின் சராசரி வேகம் வழக்கமாக விநாடிக்கு 2.5 மீட்டருக்கும் கீழேதான். அந்தக் காற்றில் 3.3 சதுர மீட்டர் பாய் எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், பாயின் பரப்பு, அதோடு பாயின் திறனுக்காக 1.2 என்று ஒரு பெருக்கல். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 15 நியூட்டன் வரும், அதாவது ஒன்றரை கிலோ. ஓரளவு உடற்பயிற்சி உள்ள ஒருவர் அவசரமில்லாமல் துடுப்பு வலித்தாலே அதைவிட அதிகமாகத் தள்ளுவார். அதுவும் நினைத்த திசையில்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்று பெருகும் சில நாட்களில் நிலைமை மாறும். விநாடிக்கு 10 மீட்டரும் அதற்கு மேலும் அடிக்கும். வேகம் நாலு மடங்கானால் இழுப்பு பதினாறு மடங்கு. அப்புறம் சுமத்திராக் காற்று இருக்கிறது. ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கில் இருந்து வரிசையாக வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை அடித்துவிட்டுப் போய்விடும். 80 கிலோமீட்டர் காற்றில் அதே பாயின் இழுப்பு, சாதாரண நாளில் இருப்பதைப்போல எண்பது மடங்கை நெருங்கும். வராவிட்டால் ஒன்றுமே வராது, வந்தால் மொத்தமாக வரும், அதுதான் நம் ஊர்க் காற்று.

ஆகவே என் யோசனை இதுதான். துடுப்புப் படகாக வடிவமையுங்கள், அதற்கு ஒரு சின்னப் பாய் வைத்துக்கொள்ளுங்கள். பாய்ப் படகைக் கட்டிவிட்டுத் துடுப்பு மாட்டினால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அகலமான, மந்தமான படகோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பீர்கள். மற்ற முடிவுகளெல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

முதலில் அளவு. நாலரை மீட்டர் என்று பிடிவாதம் வேண்டாம், 4.3 போதும். காரணம் ரொம்பச் சாதாரணமானது. நீளச் சட்டங்களுக்கான மரத்தை 2.4 மீட்டர் துண்டுகளாக வாங்கினால் வண்டியில் ஏற்றலாம், லிஃப்டிலும் சாய்த்துச் சமாளிக்கலாம். இரண்டு துண்டுகளைச் சரிவாகச் சீவி ஒட்டினால் ஏறக்குறைய 4.6 மீட்டர் கிடைக்கும். படகின் வளைவுக்கும் இரண்டு முனைகளில் வெட்டிக் கழிப்பதற்கும் போக 4.3 மீட்டர் படகுக்கு அது கச்சிதம். நாலரை மீட்டர் என்றால் ஒவ்வொரு சட்டத்துக்கும் மூன்றாவது துண்டு ஒன்று வேண்டும், ஒட்டு இரட்டிப்பாகும். நீர்மட்டத்தில் அகலம் 90 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். அங்கிருந்து பக்கங்கள் வெளியே விரிந்து மேல் விளிம்பில் 120 வரட்டும். கீழே ஒடுக்கம் இருந்தால் துடுப்புக்கு லேசாக ஓடும். மேலே அகலம் இருந்தால் துடுப்புக்கு நெம்புகோல் நீளம் கிடைக்கும், பாய் சாய்க்கும்போது உட்கார்ந்து எதிர்த்தாங்க இடமும் இருக்கும்.

துடுப்பின் நீளத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. துடுப்பைத் தாங்கும் கவைகளான இரண்டு ஓர்லாக்குகளுக்கும் நடுவே உள்ள தூரத்தில் பாதியோடு 5 சென்டிமீட்டரைக் கூட்டுங்கள். அதுதான் படகுக்குள் இருக்க வேண்டிய பகுதி. அதை 7ஆல் வகுத்து 25ஆல் பெருக்கினால் முழு நீளம். 120 சென்டிமீட்டர் அகலத்துக்கு உள்ளே 65, முழுசாக 232. கடையில் ஆயத்தமாகக் கிடைக்கிற ரப்பர் படகுத் துடுப்பு இதில் பாதிதான் இருக்கும். அதை மாட்டினால் நீங்கள் என்ன நல்ல படகு கட்டியிருந்தாலும் சேற்றில் இழுக்கிற மாதிரிதான் இருக்கும். துடுப்பை நீங்களே செதுக்குங்கள், வரவேற்பறையிலேயே செய்யக்கூடிய வேலைதான்.

கனமில்லாத படகுக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை துடுப்பு வலிப்பதற்கும் அடுத்த முறை வலிப்பதற்கும் நடுவில் சறுக்கிப் போகாது. எதிர்காற்றில் துடுப்பைத் தூக்கியதும் நின்றுவிடும். அதனால் நீளமாக வலித்து இளைப்பாறுகிற பாணி இதற்குச் சரிவராது, சின்னதாக, அடிக்கடி வலிக்க வேண்டும். தனியாகப் போகும்போது முன்பக்கம் 10 லிட்டர் தண்ணீர்க் கேன் ஒன்றிரண்டைக் கட்டி வைத்தால் ஓட்டம் சீராகும். கால் ஊன்றுகிற கட்டையை மறக்காதீர்கள். காலை உதைக்காமல் கையால் மட்டும் வலித்தால் பாதித் திறன் வீண். அந்த உதையை நீளச் சட்டங்கள் தாங்க வேண்டும், துணி அல்ல. உள்ளே கால் வைக்கிற இடமெல்லாம் மெல்லிய பலகைகளைச் சட்டங்களின் மேல் பரப்பி விடுங்கள். துணியின் மேல் மிதிக்கக் கூடாது. கரையில் படகு தரையில் கிடக்கும்போது உள்ளே ஏறவே கூடாது.

சட்டக்கூட்டுக்கு வருவோம். மரக்கம்புகளை நீராவியில் வளைத்து வங்கு, அதாவது விலா எலும்பு போன்ற வளைசட்டம், செய்கிற பழைய முறை ஒன்று. 12 அல்லது 15 மில்லிமீட்டர் மெரீன் பிளைவுட்டில் ஐந்தாறு குறுக்குச் சட்டங்கள் அறுத்து, அவற்றின் மேல் நீளச் சட்டங்களை ஓட விட்டுக் கட்டுகிற முறை இன்னொன்று. மாதிரிப் படகுக்கு இரண்டாவதுதான் சரி. வடிவம் கணினியில் வரைந்தபடியே வரும். ஒரு சட்டம் சரியில்லை என்றால் கட்டிய நூலை அவிழ்த்துவிட்டு வேறொன்று வைக்கலாம். சுங்கை காடுட் பக்கம் மரக்கடைகளில் பிளைவுட்டும் மெராந்தியும் கிடைக்கும். இளஞ்சிவப்பு மெராந்தியில் நேரான நரம்போட்டம் உள்ள துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. படகு என்று சொன்னதும் செங்கால் மரத்தை எடுத்துக்காட்டுவார்கள். உளுக்காது, மக்காது, நூறு வருஷம் நிற்கும் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் 20க்கு 30 மில்லிமீட்டரில் பத்து நீளச் சட்டங்கள் போட்டால் மெராந்தியில் 15 கிலோ ஆகிறது, செங்காலில் 25 கிலோவைத் தொடும். மொத்தப் படகே 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்று பார்க்கும்போது அந்தப் பத்து கிலோ பெரிய விஷயம்.

சரிவு ஒட்டு எட்டுக்கு ஒன்று. 20 மில்லிமீட்டர் கனத்துக்கு 160 மில்லிமீட்டர் சரிவு. ஒட்டுவதற்கான எபாக்சிப் பசையை (இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகுவது) இங்கே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி கூடினால் கெட்டியாகும் நேரம் பாதியாகிவிடும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் பெரும்பாலும் குளிர்நாட்டுப் பட்டறைக்குச் சொன்னது. கெட்டிப்படுத்தும் திரவத்தில் மெதுவான வகையைக் கேட்டு வாங்குங்கள். இறுகியதும் மேலே மெழுகுப் பசை போல ஒரு படலம் வரலாம், நம் ஊர் ஈரப்பதத்தில் அதற்கு வாய்ப்பு அதிகம். அடுத்த பூச்சுக்கு முன் தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் ஒட்டாது.

நீளச் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேருகிற இடத்தில் திருகாணி போட ஆசை வரும். வேண்டாம், மெழுகு ஏற்றிய பாலியெஸ்டர் நூலால் வரிந்து கட்டுங்கள். சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலில் வந்தவர்களை அலை தாண்டிக் கரை சேர்த்த மசூலாப் படகுகளின் பலகைகள் தென்னை நார்க் கயிற்றால் தைத்தவை. அலை அடிக்கும்போது நெகிழ்ந்து கொடுத்ததால்தான் அவை உடையவில்லை. திருகாணி தன்னைச் சுற்றியுள்ள மெல்லிய மரத்தைப் பிளக்கும். நூல் அப்படிச் செய்யாது, பளுவைப் பங்கிட்டுக் கொடுக்கும்.

ஆனால் நெகிழ்வுக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லையை முதலில் தொடுவது பாய்தான். துடுப்பு இரண்டு பக்கமும் சமமாக இழுக்கிறது. பாய்மரமோ படகின் முன்பக்கத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கப் பார்க்கிறது, நடுவில் உட்கார்ந்திருக்கும் உங்கள் உடல் எதிர்ப்பக்கம் அமுக்குகிறது. துணி பிழிவது போலப் படகு முறுகும். துணி போர்த்துவதற்கு முன்பே இதைச் சோதித்துவிடலாம். சட்டக்கூட்டை இரண்டு முக்காலிகளில் வைத்து, முன்னால் விளிம்புகளின் குறுக்கே ஒரு நேரான கட்டையும் பின்னால் ஒரு கட்டையும் கட்டுங்கள். பின்கட்டையை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். முன்கட்டையின் ஒரு முனையில் 5 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டு, பின்னால் குனிந்து ஒரு கண்ணால் இரண்டு கட்டைகளையும் ஒரே கோட்டில் பாருங்கள். முன்கட்டை விரற்கடை அளவு சாய்ந்தால் சரி. ஒரு சாண் சாய்ந்தால் பாய்மரம் நடும் யோசனையைத் தள்ளிப்போடுங்கள்.

மருந்து மூலைவிட்டங்கள்தான். அமெரிக்காவில் பிளாட் மான்ஃபர்ட் என்ற படகு வடிவமைப்பாளர் மிக மெல்லிய சட்டங்களின் மேல் கெவ்லார் என்ற மிக வலுவான செயற்கை இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக மூலைவிட்டத்தில் ஒட்டி, அதன் மேல் விமானத்துக்குப் போர்த்தும் பாலியெஸ்டர் துணியைச் சுருக்கிப் போர்த்தினார். தூக்கினால் கைக்கே தெரியாத எடையில் படகுகள் வந்தன. அவ்வளவு மெல்லியதாக நீங்கள் போக வேண்டியதில்லை. பாய்மரத்தின் அடியில் இருந்து இரண்டு விளிம்புகளுக்கும் முன்னும் பின்னுமாக நாலு இழுவைக் கயிறுகளை, நீளாத வகையில், இறுக்கிக் கட்டினாலே முறுக்கு நன்றாகக் குறையும்.

பாய்மரத்தின் பளு எவ்வளவு என்று யூகிக்க வேண்டாம், கணக்கிடலாம். உங்கள் உடல் எடை எதிர்த்தாங்குகிற வரைதான் பாய் இழுக்க முடியும், அதற்கு மேல் படகு கவிழ்ந்துவிடும். 75 கிலோ ஆள் விளிம்பில் உட்கார்ந்தால் பாய் ஏறக்குறைய 20 கிலோ வரைக்கும் பக்கவாட்டில் தள்ளலாம். பாய்மரத்தை விளிம்பு மட்டத்தில் பிடித்து நிற்பது மேல் பலகை, அதன் அடிமுனை செருகி நிற்பது அடிக்குழி. அந்த 20 கிலோ, மேல் பலகைக்கு மேலே 1.2 மீட்டர் உயரத்தில் செயல்படுகிறது. மேல் பலகைக்கும் அடிக்குழிக்கும் நடுவில் 35 சென்டிமீட்டர்தான். ஆக அடிக்குழியில் 70 கிலோவும், மேல் பலகையில் அதைவிடக் கூடுதலாக 90 கிலோவும் பக்கவாட்டில் முட்டும். மூன்று மடங்கு பாதுகாப்பு வைத்துக் கட்டுங்கள். அடிக்குழிக் கட்டை ஏராவின் (படகின் அடியில் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்புக் கட்டையின்) மேல் மட்டும் நிற்காமல் இரண்டு குறுக்குச் சட்டங்களை எட்டிப் பிடிக்க வேண்டும். மேல் பலகை இரண்டு விளிம்புகளிலும் முழங்கைக் கட்டைகளோடு சேர வேண்டும். படகில் கனமாகக் கட்ட வேண்டிய ஒரே இடம் இதுதான்.

பாயை நீங்கள் தைக்கவே வேண்டாம். சிங்கப்பூரில் பாய்ப் படகு கற்கும் பிள்ளைகள் ஆப்டிமிஸ்ட் படகில்தான் தொடங்குகிறார்கள். அதன் பாய் ஏறக்குறைய 3.3 சதுர மீட்டர், நான் மேலே கணக்கில் வைத்ததும் அதைத்தான். பாய்மரம் குட்டையானது, பக்கக் கயிறு எதுவும் இல்லாமல் தானே நிற்பது. போட்டிக்கு உதவாமல் ஒதுக்கிய பழைய பாயும் மரமும் கைமாற்றாக மலிவில் வரும். மாதிரிப் படகுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. காற்று கூடினால் பாயின் மேல்மூலையைத் தாங்கிச் சாய்வாக நிற்கும் ஸ்பிரிட் கம்பை எடுத்துவிட்டு மேல்மூலையை மடக்கிக் கட்டுங்கள், பாய் கிட்டத்தட்ட பாதியாகும். விநாடிக்கு 9 மீட்டரில்தான் அந்த 20 கிலோ வரும் என்றாலும், 6, 7 மீட்டரிலேயே சுருட்டிவிடுவது நல்லது.

படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீருக்குள் ஒரு பலகை வேண்டும். நடுவில் துணியைத் துளைத்துப் பெட்டி வைத்து இறக்கலாம், அது பார்க்க அழகு. மாதிரிப் படகில் அதைச் செய்யாதீர்கள். துணியில் துளை என்றாலே கசிவு. அதைவிட முக்கியம், அந்தப் பலகை எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது இன்னும் உங்களுக்குத் தெரியாது. விளிம்பில் கவ்வி நிற்கிற பக்கப் பலகை ஒன்று செய்யுங்கள். நீருக்குள் 60 சென்டிமீட்டர் ஆழம், 22 சென்டிமீட்டர் அகலம், இந்தப் பாய்க்கு அது போதும். இரண்டு விளிம்புகளையும் சேர்க்கிற ஒரு குறுக்குக் கட்டையில் அதைத் தொங்கவிட்டால் பளு ஒரு விளிம்பில் மட்டும் விழாது. பாய் விரித்ததும் சுக்கானை விட்டுப் பாருங்கள். படகு காற்றை நோக்கி மெதுவாகத் திரும்பினால் சரி. வேகமாகத் திரும்பினால் பலகையைப் பின்னால் நகர்த்துங்கள், காற்றை விட்டு விலகினால் முன்னால். சரியான இடம் வந்ததும் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். அடுத்த படகின் வரைபடத்துக்கு அந்தக் கோடுதான் அளவு.

இனி துணி. நைலானா பாலியெஸ்டரா என்று பெரிய சண்டையே உண்டு. நைலான் கிழியாது, உராய்வைத் தாங்கும், பாறைக் கடற்கரைக்காரர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் அது ஈரம் குடிக்கும், குடித்தால் தளரும். காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டுகிற ஊரில் நேற்று இழுத்துக் கட்டிய நைலான் இன்று தொளதொளவென்று நிற்கும். பாலியெஸ்டர் ஈரத்தைக் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை, சூடு காட்டினால் சுருங்கி இறுகவும் செய்யும். என் ஓட்டு பாலியெஸ்டருக்கு. சதுர மீட்டருக்கு 270 முதல் 300 கிராம் எடையில், பூச்சு எதுவும் இல்லாத வெறும் நெசவாக வாங்குங்கள். கடையில் பார்க்கும் எல்லாப் பாலியெஸ்டரும் சுருங்காது. ஆலையிலேயே சூடு காட்டிச் சுருக்கிவிட்ட துணி இதற்கு உதவாது. துண்டு ஒன்று கேட்டு வாங்கி 10 சென்டிமீட்டர் சதுரம் வரைந்து இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். பக்கம் 9 சென்டிமீட்டர் அளவுக்கு வந்தால் பணம் கொடுக்கலாம். படகின் வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளக்காமல் துணியின் அகலத்தை முடிவு செய்யாதீர்கள்.

துணி போடும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணி நீளச் சட்டங்களை மட்டுமே தொட வேண்டும். குறுக்குச் சட்டங்களின் வெளி ஓரத்தை, நீளச் சட்டங்களுக்கு இடையே உள்ள பகுதியில், 15 முதல் 20 மில்லிமீட்டர் உள்வாங்கி வளைவாக அறுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிளைவுட் விளிம்பு துணியில் மேடாகத் தெரியும், உராய்வு முதலில் அங்கேதான் துணியைத் தின்னும். சட்டங்களின் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள், கூர்மையாக எதுவும் படக் கூடாது.

படகைக் கவிழ்த்து, துணியைக் கையால் இழுத்து, விளிம்பில் எஃகு ஸ்டேப்பிள் அடியுங்கள். துருப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும், சாதாரண ஸ்டேப்பிள் உப்புத் தண்ணீரில் சீக்கிரமே காவிக் கோடுகளாக வழியும். இந்தக் கட்டத்தில் துணி சுருக்கமும் மடிப்புமாக அசிங்கமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். இஸ்திரிப்பெட்டியை 120 டிகிரியில் வைத்து நடுவில் இருந்து தொடங்குங்கள். பெட்டி போகிற வழியில் மடிப்புகள் ஒவ்வொன்றாக உள்வாங்கி மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். பக்கத்தில் ஒரு சாண் தூரத்தில் இருக்கும் மடிப்புகூடத் தானாக நேராகும். வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம் என்று மாறி மாறிப் போடுங்கள். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் துணியின் இழுப்பு சட்டக்கூட்டையே வளைத்துவிடும். இரண்டாவது சுற்றில் 150, கடைசியில் 175. அதற்கு மேல் போகக் கூடாது, இறுக்கம் குறையத் தொடங்கும். வீட்டு இஸ்திரிப்பெட்டியின் திருகில் இருக்கும் புள்ளிகளை நம்பாதீர்கள், சமையலுக்கு வைத்திருக்கும் வெப்பமானியை வைத்து ஒருமுறை சரிபாருங்கள். முடிந்ததும் விரலால் தட்டினால் மேளம் போல் ஓசை வர வேண்டும்.

பூச்சுக்கு எண்ணெய் அடிப்படையிலான பாலியூரித்தேன் வார்னிஷ் மூன்று நாலு கை. முதல் கையை நெசவுக்குள் இறங்கும்படி தேய்த்து ஏற்றுங்கள். மாலை மழைக்கு முன் மேல்பூச்சு காய்கிற மாதிரி காலையிலேயே ஆரம்பித்துவிடுங்கள். ஏராவின் அடியிலும் பக்க வளைவுகளிலும் மெல்லிய மரப்பட்டிகளை சிகாஃப்ளெக்ஸ் என்ற நெகிழும் ஒட்டுப்பசை வைத்துப் பதியுங்கள். படகு இறக்கும் கான்கிரீட் சரிவுகளிலும் உபின் தீவுப் பக்கத்துப் பாறைகளிலும் ஒட்டியிருக்கிற பார்னக்கிள் என்ற ஓட்டுயிரியும் சிப்பியும் பிளேடு மாதிரி. துணிப் படகுக்கு அலையைவிட அவைதான் எதிரி. கரைக்கு இரண்டு மீட்டர் முன்பே இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று தூக்கி வையுங்கள்.

நீரில் ஓடும்போது உள்ளே குனிந்து துணியைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே தண்ணீர் சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்துகிறது. அதனால் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் துணி உள்வாங்கி நிற்கும். வேகம் கூடினால் அந்தக் குழிவுகள் நீரோட்டத்தைக் கலைக்கும். எங்கே குழிவு ஆழமாக இருக்கிறதோ அங்கே அடுத்த முறை ஒரு சட்டம் கூட வேண்டும். அடிப்பகுதியில் 12, 13 சென்டிமீட்டருக்கு ஒன்று, நீருக்கு மேலே 20 கூடப் பரவாயில்லை. மாதிரிப் படகின் நன்மையே இதுதான். துணியை அறுத்து எறிந்துவிட்டு, சட்டத்தைச் சேர்த்துவிட்டு, திரும்பப் போர்த்தலாம். மரத்தில் கைவைத்த செலவு அப்படியே நிற்கும், துணிச் செலவு மட்டும்தான் மறுபடி. வேகத்தை ஜிபிஎஸ் கடிகாரத்தில் பார்த்தால் ஒரே திசையில் பார்க்காதீர்கள். போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுங்கள், நம் கடலில் நீரோட்டம் சும்மா இருப்பதில்லை.

மிதவைப் பைகள் இல்லாமல் தண்ணீரில் இறக்கவே இறக்காதீர்கள். துணிப் படகு கவிழ்ந்தால் மரம் மிதக்கும், அவ்வளவுதான். உள்ளே நிறைந்த நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீரை இறைக்க விளிம்பு நீருக்கு மேலே இருக்காது. முன்னும் பின்னும் காற்றுப் பைகளை வைத்து, மேலே எழும்பாதபடி சட்டங்களோடு வரிந்து கட்டுங்கள். பாய் கட்டுவதற்கு முன், இடுப்பளவு தண்ணீரில் நீங்களே கவிழ்த்துப் பாருங்கள். உயிர்காப்புச் சட்டை பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இடம். வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துக் கட்டலாம் என்று நினைத்திருந்தால் விட்டுவிடுங்கள். தீ விபத்தில் வெளியேற 1.2 மீட்டர் வழி எப்போதும் காலியாக இருக்க வேண்டும் என்பது விதி. நகர மன்றம் வருவதற்கு முன் பக்கத்து வீட்டு ஆன்ட்டியே வந்துவிடுவார். குறுக்குச் சட்டம் அறுப்பது, துடுப்பு, சுக்கான், பக்கப் பலகை எல்லாம் வீட்டில் செய்யலாம். கூட்டிச் சேர்ப்பதற்கு மட்டும் காக்கி புக்கிட், உட்லண்ட்ஸ் போன்ற இடங்களில் யாருடைய பட்டறையிலாவது மூலை ஒன்றை வாடகைக்குப் பிடியுங்கள். முழுப் படகு லிஃப்டில் இறங்காது என்பதை நினைவில் வையுங்கள்.

நீர்த்தேக்கங்கள் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் பொறுப்பில் உள்ளவை, சொந்தப் படகை நினைத்த நேரத்தில் அங்கே இறக்க முடியாது. கடல் என்றால் முதலில் கடல்துறை, துறைமுக ஆணையத்திடம் உங்கள் படகைச் சொல்லி, எந்தெந்தப் பகுதி கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாசிர் ரிஸ், சாங்கிப் பக்கம் அலை குறைவு, சோதிக்க நல்லது. ஆனால் சாங்கி முனையில் இருந்து உபினுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓடும் பம்போட்டுப் படகுகளின் வழியில் நிற்காதீர்கள். தெக்கோங் ராணுவப் பயிற்சித் தீவு, அதை நெருங்கக் கூடாது. ஜொகூர் நீரிணையின் நடுவில் நாட்டு எல்லையும் ஓடுகிறது, காற்று தள்ளினால் படகுக்கு அது தெரியாது. கிழக்குக் கடற்கரையில் காற்று கொஞ்சம் நன்றாக இருக்கும். அதற்கு வெளியே உலகத்துக் கப்பலெல்லாம் நிற்கிற நீரிணை. கரையோரமாக இருங்கள். கடல் ஏற்ற இறக்கம் பெரிய நாட்களில் 3 மீட்டரை நெருங்கும், அட்டவணை பார்க்காமல் போனால் திரும்பி வரும்போது படகுக்கும் கரைக்கும் நடுவில் சேறுதான் இருக்கும்.

வரிசையாகச் செய்வதென்றால் இப்போது மரக்கடைக்குப் போய் ஒரு மெராந்திக் கம்பு வாங்கி, 20க்கு 30 மில்லிமீட்டரில் சீவி, படகின் முன்பக்க வளைவு அளவுக்கு வளைத்துப் பாருங்கள். ஒடியாமல் வந்தால் மற்றதை வாங்குங்கள். ஒடிந்தால் அதே அகலத்தில் இரண்டு மெல்லிய பட்டிகளாக அறுத்து, வளைத்த நிலையிலேயே ஒட்டிக்கொள்ளலாம். ஆப்டிமிஸ்ட் பாயை யாராவது கொடுத்தால் வாங்கி வையுங்கள், ஆனால் துடுப்பில் படகு நேராக ஓடுகிறது, முறுக்குச் சோதனை தேறிவிட்டது என்று தெரியும் வரை அது கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்.